கிளட்ச் இல்லாத வண்டி

ஒரு காரில் இரண்டு கிளட்ச் இருக்கும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஓட்டப் பழகுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் ஒன்று. அந்த இரண்டாவது கிளட்ச் மேல் இடது காலை வைத்தபடியே உத்தியோகக் காலம் முழுவதையும் தள்ளியவர் நம் டீச்சர். ஊரில் அவருக்குக் கிளட்ச் டீச்சர் என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருக்காரர்களே முழிப்பார்கள்.

டீச்சரிடம் ஒரு கள்ளத்தனம் உண்டு. முதல் நாள் வகுப்புக்கு வருகிறவர்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பார்கள். டீச்சர் அவர்களுக்குத் தெரியாமல் தன் பக்கத்துக் கிளட்சை மெல்ல அமுக்கி மெல்ல விடுவார். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் நகரும். "ஐயோ, நானே ஓட்டிட்டேன் டீச்சர்!" என்று அவர்கள் குதிப்பார்கள். ஏமாற்று வேலைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பயந்தாங்கொள்ளிகளுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. நாள் ஆக ஆகக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவார். எடுத்ததே தெரியாமல் அவர்கள் ஓட்டிக்கொண்டு போவார்கள். இப்படித்தான் அந்த ஊரில் பாதிப் பேர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

டீச்சரிடம் தேறாத ஒரே ஆள் அவருடைய வீட்டுக்காரர்.

அவர் மருந்துக் கடையில் வேலை பார்த்த மனுஷர். சாது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளை முதல் வரி முதல் கடைசி வரி வரை படிக்கும் ஒரே ஜீவன் இந்த உலகத்தில் அவராகத்தான் இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு நாள், "எனக்கும் சொல்லிக்கொடேன்" என்று வெட்கத்தோடு கேட்டார். ஸ்கூல்காரர் பழைய பயிற்சி வண்டியைத் தள்ளிவிட்டபோது டீச்சர் அதையே வாங்கியிருந்தார். இரண்டாவது செட் பெடல்களைக் கழற்றவே இல்லை. அந்த வண்டியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில், அவருக்கு வகுப்பு நடக்கும்.

ஆகா, அந்த ஞாயிற்றுக்கிழமைகள்! பிளாஸ்க்கில் டீ இருக்கும். பின் சீட்டில் மகள் பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருப்பாள். வண்டி திணறினால், "அப்பா அவுட்!" என்று கத்துவாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு டீச்சர் இடம் மாறி உட்கார்ந்து, நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வீடு வருவார். டெஸ்ட்டுக்குப் போனால் மட்டும் மனிதர் கோட்டை விட்டுவிடுவார். மூன்று தடவை போனார், மூன்று தடவையும் வண்டியை அணைத்துவிட்டு நின்றார். அதற்கப்புறம் போகவில்லை. "எனக்கென்ன, டிரைவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவன்" என்று கடையில் பெருமை பேசிக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மகள் வேலைக்காக வெளியூர் போனாள். டீச்சர் ஓய்வு பெற்றார். அவரும் கடையை விட்டு நின்றார். பழைய வண்டி மட்டும் கடைசித் தகுதிச் சோதனையில் தேறாமல் போய், பழைய இரும்புக்காரனிடம் போய்ச் சேர்ந்தது. இழுத்துக்கொண்டு போன அன்று டீச்சர் வாசலுக்கே வரவில்லை. அடுப்படியில் நின்று, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

மகள் சும்மா இருப்பாளா? விசாரித்து, அலசி, ஒரு ஹைப்ரிட் வண்டியை வாங்கிக்கொடுத்தாள். பாதி நேரம் பெட்ரோலில் ஓடும், பாதி நேரம் பேட்டரியில் ஓடும். கியர் மாற்ற வேண்டாம், கிளட்ச்சே கிடையாது.

"கிளட்ச் இல்லாம அது என்ன வண்டி?" என்றார் டீச்சர்.

முதல் நாள் பொத்தானை அமுக்கினார். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினார். திரையில் தெரிந்த வெளிச்சமும் அணைந்தது. "செத்த வண்டியை நம்ம தலையில கட்டிட்டாங்க" என்று அறிவித்தார். "மொதல் தடவையே ஸ்டார்ட் ஆயிடுச்சு. ரெண்டாவது தடவை அமுக்கி நீதான் அணைச்ச" என்றார் வீட்டுக்காரர், மடியில் விரித்த கையேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒருவழியாகத் தெருவுக்கு வந்தார்கள். முனையில் வேகத்தைக் குறைக்க நினைத்தார் டீச்சர். வாழ்நாள் முழுவதும் கிளட்சை மிதித்த இடது கால் தன் பாட்டுக்கு நீண்டு ஒரே மிதி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி சடக்கென்று நின்றது. வீட்டுக்காரர் கையிலிருந்த டீ முன்கண்ணாடியிலும் முகத்திலும் அடித்தது.

"டீச்சரம்மா, ஃபெயில்!" என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

டீச்சருக்கு மூக்கின் மேல் கோபம். அன்றிலிருந்து இடது காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஓட்டினார். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் தானாக உறுமி எழுந்தால், "யாரைக் கேட்டு ஸ்டார்ட் ஆகுது பாருங்க" என்று திட்டுவார். வண்டியைப் பராமரிக்கும் வேலை வீட்டுக்காரருடையது. பின் சீட்டுப் பக்கத்தில் சல்லடை மாதிரி ஒரு திறப்பு இருக்கிறது, அதன் வழியாகத்தான் பெரிய பேட்டரிக்குக் காற்றுப் போகிறது என்று கையேட்டில் படித்திருந்தார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைக் கண்ணும் கருத்துமாகச் சுத்தம் செய்வார். டீச்சர் அதன் மேல் கடைப் பையை வைத்தால், "மூச்சு முட்டும், எடு" என்பார். கைக்குழந்தை வைத்திருக்கும் வீடு மாதிரி ஆகிவிட்டது.

டீச்சரும் மெல்ல மெல்ல அந்த வண்டிக்குப் பழகிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வாசல் கேட்டுத் தூணில் வண்டியை உரசினார். ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கீறல் போடாத கை. "தூண் எங்கேருந்து வந்துச்சு?" என்று அவரே கேட்டபோது வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பக்கப் பார்வை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நேராக இருப்பது தெரியும், ஓரத்தில் வருவது தெரியாது. ஆபரேஷன் செய்தால் இருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார் டாக்டர். "இனிமே ஓட்டவே கூடாது" என்றும் சொன்னார், ஏதோ உப்பைக் குறைக்கச் சொல்வது போல.

டீச்சர் சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வண்டி வாசலில் தூசி படிந்து நின்றது. ஒரு நாள் வீட்டுக்காரர் கதவைத் திறக்கப் போனால் திறக்கவில்லை, உள்விளக்குகூட எரியவில்லை. வந்த மெக்கானிக் இன்னொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து எழுப்பிவிட்டு, "சார், பெரிய பேட்டரி போக இதுல சின்ன பேட்டரி ஒண்ணு இருக்கு. ஓட்டாம வெச்சிருந்தா அது இறங்கிடும். வாரத்துல ஒரு தடவையாவது ஒரு ரவுண்டு போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் போவது? அதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து வீட்டுக்காரர் காலையில் நடக்கப் போக ஆரம்பித்தார். உடம்புக்கு நல்லதுதானே என்று டீச்சரும் விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலையில் டீச்சர் நாத்தனார் வீட்டிலிருந்து ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தார். சிக்னலில் ஆட்டோ நின்றது. நேர் எதிரே, குறுக்குச் சாலையில், சத்தமில்லாமல் ஒரு கார் போனது. கேட்டுத் தூண் போட்ட கீறலோடு. ஸ்டியரிங் பிடித்திருந்தது தாலி கட்டிய புருஷன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, ஒரு காலத்தில் டீச்சரிடமே படித்து, இப்போது தனியாக டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் மாணவி. டீச்சருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்காரர் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மெக்கானிக் வந்துட்டுப் போனதுலேருந்து" என்றார் அவர். நேரே கேட்டால் மறைக்கத் தெரியாத மனிதர். "அவ ஸ்கூல் வண்டியிலதான் பழகினேன், நீ வீட்டுல இல்லாததால இன்னிக்கு நம்மளோடதை எடுத்தோம். லைசென்சும் வாங்கிட்டேன். இந்த வாட்டி மொதல் டெஸ்ட்டுலயே பாஸ்."

"ஊருக்கே சொல்லிக்கொடுத்தவ வீட்டுல உக்காந்திருக்கேன். நீங்க என் மாணவிகிட்டப் போய்க் கத்துக்கிறீங்க! என் மூஞ்சியில கரியைப் பூசிட்டீங்களே!"

"உன்கிட்டதான் மொதல்ல வந்தேன். நம்ம பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தேன்."

"நான் சொல்லித்தரலையா?"

"சொல்லித்தந்த. ஓட்டத்தான் விடல." அவர் குரலை உயர்த்தவில்லை. "உன் கால் கிளட்ச்சு மேலயே இருந்தது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? டெஸ்ட் அன்னைக்குப் பக்கத்துல ஆபீசர் உக்காந்தாரு. அவரு காலை அசைக்கல, வண்டி நின்னுபோச்சு. அப்பவே புரிஞ்சுபோச்சு, அத்தனை நாளும் ஓட்டுனது நானில்லன்னு."

டீச்சர், "அப்பவே கேட்டிருக்கலாமே" என்றார்.

"எப்படிக் கேக்குறது? நீ ஓட்ட, பக்கத்துல உக்காந்து போறது எனக்குப் பிடிச்சிருந்தது. வருத்தமும் இருந்தது, இல்லன்னு சொல்லல. இப்ப நீ ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க. ஆபரேஷனுக்கு உன்னை வாடகைக் காருல ஏத்திட்டுப் போக எனக்கு மனசு வரல."

நான்கைந்து நாள் டீச்சர் அவரோடு பேசவில்லை. தட்டை வைக்கும் சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் மனசு சும்மா கிடக்குமா? அந்த மைதானத்துக்கே திரும்பத் திரும்பப் போனது. எல்லோரிடமும் காலை எடுத்தாயே, இவரிடம் மட்டும் ஏன் எடுக்கவில்லை? ஒரு தடவை சாலைக்கு அழைத்துப் போனபோது பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவருடைய காதுமடல் சிவந்துபோனது. அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து வண்டி லேசாகத் திணறினாலே போதும், டீச்சரின் கால் தானாக இறங்கிவிடும். அது மட்டும்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இல்லை. மற்றவர்கள் கற்றுக்கொண்டு போக வேண்டியவர்கள். இவர் எங்கேயும் போக வேண்டியதில்லையே. இவர் தேறிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை எதற்கு? பிளாஸ்க் டீ எதற்கு? அந்தக் காலைகள் முடியக் கூடாது என்று டீச்சருக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். மற்றவர்கள் வகுப்பு முடிந்து கையசைத்துவிட்டுப் போனபோது வராத அழுகை இப்போது வந்தது. நல்லவேளை, அவர் கடைக்குப் போயிருந்தார்.

ஆபரேஷன் நாள் வந்தது. விடிந்ததும் வீட்டுக்காரர் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வாடகைக் கார் கூப்பிடவா?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். டீச்சர் நேராகப் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. கேட்டுத் தூணைத் தாண்டியபோது டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஓரங்கள் எதுவும் தெரியவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து என்ன வருகிறது என்று சொல்லவும் முடியாது. காலடியில் வெறும் ரப்பர் விரிப்பு. இடது கால் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்தது. மேட்டுச் சாலையில் ஏறும்போது பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். டீச்சர் திரும்பி வீட்டுக்காரரின் காதைப் பார்த்தார். அது சிவக்கவில்லை. "அவசரம்னா நேத்தே கெளம்பியிருக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு அவர் தன் வேகத்திலேயே ஏறினார். இன்ஜின் எழுந்து கொஞ்ச தூரம் உறுமிவிட்டு அடங்கியது.

"ராத்திரி பூரா தூங்கவே இல்லைல்ல நீ?" என்றார்.

"இல்ல."

"கொஞ்ச நேரம் கண்ணை மூடு. நான் பாத்துக்கிறேன்."

ஓடுகிற வண்டியில் டீச்சர் கண்ணை மூடியதே கிடையாது. எப்படி மூட முடியும்? எத்தனை பேருடைய உயிர் அவர் காலில் இருந்தது. பஸ்ஸில் போனால்கூட டிரைவருக்குப் பதிலாகத் தானே பிரேக் போட்டுக்கொண்டு போகிற ஆள். பாலம் வரைக்கும் பிடிவாதமாக விழித்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்ன ஆனது என்று அவருக்கே தெரியாது.

விழித்தபோது வண்டி ஆஸ்பத்திரி நிறுத்துமிடத்தில் நின்றிருந்தது. வீட்டுக்காரர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் இறங்கி உள்ளே போய்விட்டிருந்தார்கள்.

"எழுப்பக் கூடாதா? கூப்பிட்டிருப்பாங்களே!"

"இன்னும் நேரமிருக்கு. நல்லாத் தூங்கிட்டிருந்த, எழுப்ப மனசு வரல."

டீச்சர் இறங்கினார். முன்பக்கமாகச் சுற்றி வந்தவர் நின்றுவிட்டார். வண்டி இரண்டு கட்டத்தையும் அடைத்துக்கொண்டு கோணலாக நின்றது. முன் சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம். தன்னிடம் படித்த ஒருவர் இப்படி நிறுத்தியிருந்தால் ஊரே கேட்கும்படி கத்தியிருப்பார். சாவிக்காக அவர் கை தானாக நீண்டது.

வீட்டுக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். "கொஞ்சம் கோணலா?" என்று கேட்டார்.

டீச்சர் நீட்டிய கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "சரியாத்தான் இருக்கு, வாங்க" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் படியை நோக்கி நடந்தார்.