ஓயாத காந்தம்

நான் முதலமடையில் மாந்தோப்புக் காவல்காரன். மனைவிக்குத் தலையில் ஸ்கேன் எடுக்கப் பாலக்காடு போயிருந்தோம். சீக்காளியைத் தனியே விடும்போது கையில் இரும்பு கொடுப்பது எங்கள் வழக்கம். இரும்பு கூடாது என்று வாசலிலேயே சொன்னார்கள். மெஷின் சத்தமில்லாமல் கிடந்ததால் நிறுத்தியிருக்கிறது என்று நினைத்து, மடியிலிருந்த பாக்குவெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினேன். அது என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, அவள் காதை உரசிப் பறந்து மெஷினில் ஒட்டியது.

ஸ்கேன் எடுக்கும் பெண் பதறி ஓடிவந்தாள். ஆனாலும் திட்டவில்லை.

"வெளிக் கரண்ட் போனாலும் இந்தக் காந்தம் ஓயாதுங்கய்யா. உள்ள அத்தன குளிரு. அந்தக் குளிருல ஒருக்கா விட்ட கரண்டு குறையாம சுத்தீட்டே இருக்கும்."

மனைவி காதைத் தடவிக்கொண்டாள். "ஏனுங்க, நாப்பது வருசமா முடியாதத இன்னிக்கு முடிச்சிரலாம்னு பாத்தீங்களா?"

வேறு பாக்குவெட்டி வாங்கிவிட்டோம். அதை நான் தொடுவதில்லை. பாக்கை அவள்தான் வெட்டித் தருகிறாள்.