அளவு ஜாக்கெட்டும் அரை வயிறும்

ஜாக்கெட் தைப்பவளுக்கு வாடிக்கையாளரின் உடம்பை அளப்பது சுலபம். அவர் மனதில் வைத்திருக்கும் உடம்பை அளப்பதுதான் கஷ்டம். எண்பதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் லேடீஸ் டெய்லர் கடை வைத்து நான் பட்ட பாடு இது. 'இளைத்ததும் போடலாம்' என்று பீரோவில் ஜாக்கெட் வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சட்டென்று புரியும்.

உடம்பு டெலிவரி

சேலையூர் டீச்சர் ஒருவர் வந்தார். டேப்பை எடுத்தேன், தொடவே விடவில்லை. பையிலிருந்து ஓர் அளவு ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். கல்யாணத்துக்கு முன்னால் போட்டதாம். இப்போது அவருடைய மூத்த பையன் காலேஜில் படிக்கிறான். "இதே அளவுக்கு, நூல் பிசகாம தைங்க" என்றார். நூல் பிசகாமல்தான் தைத்தேன்.

மறுவாரமே வந்துவிட்டார். ஜாக்கெட் முழங்கையைத் தாண்டவில்லையாம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் தயாராக நின்றால், மனுஷி இன்னொரு துணியை நீட்டுகிறார், அதே அளவுக்கு! "உங்க தையல் கரெக்டுதாங்க. உடம்புதான் இன்னும் டெலிவரி ஆகல."

முட்டைக்கோஸ் காலம்

ஊரைச் சொல்வானேன், நானும் அப்போது டயட்டில்தான் இருந்தேன். டெய்லரின் இடுப்புதான் கடைக்கு விளம்பரம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். காலையில் தேன் கலந்த வெந்நீர், மதியம் வெறும் முட்டைக்கோஸ், சாயங்காலம் கொள்ளுத் தண்ணீர். பக்கத்து மெஸ்ஸில் சாம்பார் கொதித்தால் எனக்கு அழுகை வரும். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவேன். நூல் கோக்க வராவிட்டால் ஊசியைத் திட்டுவேன்.

காஜா எடுத்து ஹூக் தைக்கப் பம்மலிலிருந்து வரும் அமுதா என் வயதுக்காரி. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் நான் தைத்துப் போட்ட ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "அக்கா, ரெண்டும் எடது கையா கீது. பேஜார் பண்ணாம மொதல்ல போய் சோறு துன்னுட்டு வா."

ஆசைக்கு ஒரு தையல்

போகவில்லை; வீம்பு. அதை உடைத்தவள் வசந்தி. எங்கள் தெருப் பெண், டெலிபோன் ஆபரேட்டர். பெண் பார்க்க வந்த மாமியார் "கொஞ்சம் பூசினாப்ல இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து எலுமிச்சைச் சாறுதான் அவளுக்கு ஆகாரம். கல்யாணத்துக்குள் இளைத்துவிடுவாளாம், முகூர்த்த ஜாக்கெட்டை இப்போதே சின்னதாக வெட்டச் சொன்னாள். பட்டுப் புடவையோடு வந்த துணி. சின்னதாக வெட்டி, அவள் இளைக்காமல் போனால் முகூர்த்தத்துக்கு எதைப் போடுவாள்? அவளிடம் சொல்லாமல் இருக்கிற உடம்புக்கே வெட்டினேன். உடம்புக்கு ஒரு தையல், அதற்கு உள்ளே அவள் ஆசைக்கு ஒரு தையல்.

குன்றத்தூரில் கல்யாணம். மணப்பெண் அறையில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தும் ஹூக் மாட்டவில்லை. வெளியே மேளம் கொட்டுகிறது; உள்ளே வசந்தி அழுகிறாள், பசியில் கால் தள்ளாடுகிறது. "போதும்டி, கழட்டு" என்று வாங்கி, ஆசைத் தையலை பிளேடால் பிரித்துவிட்டேன். ஜாக்கெட் கச்சிதமாக உட்கார்ந்தது. பெருமூச்சு விட்டவள் இட்லி கேட்டாள். சட்னி சிந்தாமல் நானே ஊட்டிவிட்டேன். அவக் அவக்கென்று விழுங்கினாள். இந்தப் பெண்ணை இப்படிப் பட்டினி போட நமக்கெல்லாம் எப்படி மனசு வந்தது?

திரும்பினால் வாசலில் மாமியார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்தினார், கையைத் தூக்கித் தன் ஜாக்கெட்டின் பக்கத் தையலைக் காட்டினார். "எனக்கும் கொஞ்சம் பிரிச்சு விடும்மா. விடிஞ்சதுலேர்ந்து மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கிறேன்."

புது அளவு

அன்று பந்தியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆச்சரியம், பாதி ஜாங்கிரியில் வயிறே 'போதும்' என்றது. டயட்டில் இருந்த நாளெல்லாம் அதைப் பேசவே விட்டதில்லை நான். அதிலிருந்து பசித்தால் சாப்பாடு, போதுமென்றால் கை கழுவுவது, அவ்வளவுதான்.

எனக்கும் டேப் வைத்து அளந்து, உள்ளது உள்ளபடி ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டேன். இளைக்கவில்லை, கொஞ்சம் பூசியே இருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு கடையில் நின்றபோது ஒரு வாடிக்கையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிட்டே வந்து கிசுகிசுத்தார். "நல்லா இளைச்சிட்டீங்களே! என்ன டயட்டு? சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

உண்மையைச் சொன்னால், பட்டினி கிடந்த காலத்தில் என்னிடம் இளைத்தது பொறுமை ஒன்றுதான். அது இப்போது நன்றாகச் சதை போட்டிருக்கிறது.