விமானத்தின் மூக்கில் ஒரு தட்டு

விமானம் நிற்கும்போது சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும், கிளம்பும்போது அதை உருவுவதும் அவர் வேலை. அதனால் விமான நிலையத்தில் எல்லோருக்கும் அவர் கட்டைக்காரர்.

கம்பெனி ஒற்றை விமானத்தோடு தொடங்கிய நாளில் முதலாளியே வெயிலில் வந்து நின்றார். கட்டையை உருவியதும் விமானத்தின் மூக்கை உள்ளங்கையால் தட்டி, "பத்திரமா போயிட்டு வாம்மா" என்றார். கட்டைக்காரர் பக்கம் திரும்பி, "இனிமே நீதான்யா தட்டணும்" என்றார். அன்றிலிருந்து அவர் தட்டாமல் எதுவும் கிளம்பியதில்லை. விமானங்கள் பெருகின, கம்பெனி கொடிகட்டிப் பறந்தது. பிறகு டிக்கெட் விலையில் போட்டி போட்டே நாக்குத் தள்ளிப்போய், பெரிய கம்பெனியோடு இணைந்தது. இணைந்தது என்பது பேப்பர்காரர்களின் மரியாதை. விழுங்கப்பட்டது என்பதுதான் உண்மை.

முதலாளிக்குப் புதிய கம்பெனியில் இயக்குநர் நாற்காலி. கட்டைக்காரருக்குப் பரீட்சை. ஒரு விமானத்தை வழியனுப்பிக் காட்டினால் வேலை நிலைக்கும். கட்டையை உருவியதும், விமானத்தைச் சுற்றித் தரையில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே வந்துவிட வேண்டும். மறுபடி கோட்டைத் தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"உங்க கைய நம்ப முடியாது. பாக்கெட்டுக்குள்ளயே வச்சுக்கோங்க" என்றாள் மனைவி. "பொண்ணு படிப்பு முடியுற வரைக்குமாவது இந்த வேலை வேணும்ங்க."

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று சிரித்தார்.

கட்டையை உருவினார். கோட்டுக்கு வெளியே வந்தார். கை பாக்கெட்டுக்குள் போனது. எல்லாம் சரி. ஆனால் பைலட்டும் பழைய கம்பெனிக்காரர். கண்ணாடி வழியே வழக்கம்போல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைக்காரரின் கால் தானாக நடந்துவிட்டது. மூக்கில் கை பட்ட பிறகுதான் உறைத்தது. பாவி மனுஷன்!

"யாருய்யா உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று கத்தினார் பரீட்சை வைத்த புதிய கம்பெனி அதிகாரி.

பரீட்சையைப் பார்க்க வந்திருந்த முதலாளி அந்த அதிகாரியின் பக்கத்திலேயே நின்றார். கட்டைக்காரர் முதலாளியைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எங்க கம்பெனியில அப்படியெல்லாம் பழக்கமே கிடையாதுங்க" என்றார் முதலாளி, வாட்சைப் பார்த்தபடி.

கட்டைக்காரருக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

வீட்டில் மனைவி வாசலுக்கே வந்தாள். அவருடைய வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க விமானத்தின் புழுதி.

"கழுவிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று உடைந்து அழுதாள். "வேலை நிலைச்சிடுச்சுன்னு இன்னைக்கு ஒரு நாளாவது நம்பியிருப்பேனே."