சீதனம் இல்லாமல் வந்தவள்

காலை ஆறரை மணிக்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். கிளிநொச்சி எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஹட்டனிலிருந்து முதல்நாளே புறப்பட்டு வந்தவளுக்கு இந்த நேர்ச்சாலை அலுத்துப் போனது. எங்கள் மலையில் பத்தடிகூடச் சாலை நேராக ஓடாது.

என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் இடதுசாரித் தொழிற்சங்கம் கட்டியவர். புரட்சி வந்தால் பெண்ணுக்கு விலை பேசுவது ஒழியும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். அதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்த மண் வன்னி. பொதுவுடைமைத் துண்டுப்பிரசுரங்களோடு தொடங்கிய ஆயுத இயக்கம், இங்கே ஆட்சி கையில் இருந்தபோது சீதனம் கேட்பது குற்றம் என்றது. அதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வந்தேன். வயிறெரிந்துதான் திரும்பினேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்குக் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் ராஜினி அக்கா காத்திருந்தார். முந்தைய பயணமொன்றில் பழக்கமானவர். இயக்கத்தின் காலத்தில் குடும்பப் பிணக்குத் தீர்க்கும் வேலையில் இருந்தவர். சீதனம் கேட்ட வீடுகளுக்குச் சைக்கிளில் போய் இறங்கிக் கல்யாணத்தையே நிறுத்தியிருக்கிறார். கணவர் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனார். அதற்குப் பிறகு பல வருடம் முழங்காலில் நின்று மண்ணைக் கிளறிக் கண்ணிவெடி அகற்றினார். அந்தச் சம்பளத்தில் தருமபுரத்தில் அரை ஏக்கர் காணியும் ஒரு சின்னக் கல்வீடும் வாங்கினார். மகள் துளசிக்கு இருக்கும் ஒரே சொத்து அது.

பால் விடாத பிளேன்ரீயும் வடையும் இருவருக்கும் இருநூற்றிருபது ரூபாய். குடித்துக்கொண்டே சொன்னார்:

"இண்டைக்கு விசுவமடுவுக்குப் போவம். துளசியின்ர கலியாணக் கதை. பெடியனும் இவளும் விரும்பிட்டினம். நீங்களும் வாங்கோ, துணையா இருக்கும்."

"சீதனம் கேப்பாங்களாக்கா?"

"சீ, சீ. பெடியன்ர தேப்பன் தவம், அவரின்ர கலியாணமே நான் நிண்டு செய்து வைச்சது. ஒரு சதம் வாங்காமல் கட்டின ஆள். எங்களிட்டக் கேக்க மாட்டார்."

புதுக்குடியிருப்பு பஸ் பரந்தனில் திரும்பிக் கிழக்கே ஓடியது. விசுவமடுவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. தருமபுரத்தில் அக்கா ஜன்னலால் கைநீட்டித் தன் வீட்டுக் கூரையைக் காட்டினார். முகத்தில் அப்படியொரு பெருமை.

தவம் வெள்ளை வேட்டியோடு முற்றத்துக்கு வந்து வரவேற்றார். அவர் மனைவி மலர் தேநீர் கொண்டுவந்தார். அவர் இயக்கத்தில் போராளியாக இருந்தவர். இடது கை முழங்கையில் மடங்காது. தட்டை ஒரு கையால்தான் பிடித்திருந்தார். வேட்டிக்காரர் எழுந்து வாங்கவில்லை. நான் எழுந்து வாங்கினேன்.

"அக்காவிட்ட நான் என்னத்தைக் கேக்கிறது?" என்று தவம் தொடங்கினார். "எண்டாலும் ஊருக்கெண்டு ஒண்டு வேணுமே. வீட்டையும் காணியையும் பெடியன்ர பேரில எழுதி விடுங்கோ, பாங்கில கடனெடுக்க லேசு. நன்கொடையா ஒரு பத்து."

பத்து என்றால் பத்து லட்சம். மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போகும் காசுக்கு இங்கே நன்கொடை என்று பெயர். பிடுங்குவதற்கு இப்படியொரு பெயர் வைத்தவன் வாயில் மண்ணைப் போட!

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "தவம், உம்மட கலியாணத்தில நான்தானே சாட்சி. சபையில என்ன சொன்னனீர்?"

"அது அந்தக் காலம் அக்கா. அப்ப சட்டம் உங்கட கையில."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று கேட்காதது பயத்தில்தான் என்று கூச்சமே இல்லாமல் ஒத்துக்கொள்கிறார்! நான் மலரைப் பார்த்தேன். அவராவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"அக்கா, நானும் வேணுமெண்டுதான் சொல்லுறன்," என்றார் மலர்.

"நீயுமோ?"

"நான் வெறுங்கையோட வந்தனான். இயக்கம் இருக்குமட்டும் மாமி, இவரின்ர தாய், வாய் திறக்கேல்லை. சண்டை முடிஞ்சு முகாமால வந்த அண்டைக்குத் தொடங்கினவா. சும்மா வந்தவள், கையும் ஏலாதவள் எண்டு சாகுமட்டும் சொன்னவா. இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர். நாளைக்குச் சொந்தக்காரர் வாய் சும்மா இராது. உங்கட பிள்ளை அந்தப் பேச்சைக் கேக்கக்கூடாது."

தவம் கூரையைப் பார்த்தார்.

யாரைத் திட்டுவது? இந்த மனிதரைத் திட்டினேன், மனதுக்குள். இயக்கத்தையும் திட்டினேன். சீதனத்தை நிறுத்திய அதே அதிகாரம்தான் வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளைக் கதறக் கதறக் களத்துக்கு இழுத்தது. பெண்ணின் கையில் சுடத் துவக்கைக் கொடுத்தது. அவள் அடுப்பெரிக்கப்போகும் குசினிக்குள் ஒருவர் மனதையும் மாற்றவில்லை. சட்டம் செத்த மறுநாளே மாமி வாய் திறந்துவிட்டார். போரில் வென்றவர்கள் கிழித்ததும் ஒன்றுமில்லை.

"மகளைக் கேட்டுத்தான் சொல்லுவன்," என்று அக்கா எழுந்தார்.

"பிள்ளையை என்ன கேக்கிறது?"

"அண்டைக்கும் பொம்பிளையைத்தான் முதல் கேட்டனான் தவம். உம்மட பொம்பிளையையும்."

வேலிப் படலை தாண்டிப் பத்தடி நடந்திருப்போம், மலர் ஓடிவந்தார். கையில் ஒரு பை முருங்கைக்காய். அதைக் கொடுக்கும் சாக்கில் அக்காவின் காதருகே குனிந்தார்.

"காணியைப் பெடியன்ர பேரில எழுதாதேங்கோ. துளசியின்ர பேரில மட்டும் எழுதுங்கோ. இவர் கத்துவார், கத்தட்டும். காசை இஞ்ச தராதேங்கோ, அவளின்ர பேரில பாங்கில போடுங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

சந்தியில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். அக்கா மகளுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். மறுபக்கம் துளசி கத்துவது எனக்கே கேட்டது. "என்னைக் கட்டப்போறவரோட நான் கதைக்கிறன். நீங்கள் ஒண்டும் எழுதவேண்டாம், உங்கட பேரிலேயே இருக்கட்டும் அம்மா."

"இல்லையடி, உன்ர பேரில எழுதத்தான் போறன். உனக்கு மட்டும். நன்கொடை ஒரு சதமும் இல்லை."

போனை வைத்ததும் கேட்டேன்: "அந்தப் பையன் இதுக்கு ஒத்து வராட்டி?"

"வராட்டில் போகட்டும். முழங்காலில நிண்டு வாங்கின காணி தங்கச்சி. அதில இருந்துகொண்டு அவள் ஒருத்தருக்கு முன்னாலயும் முழங்காலில நிக்கத் தேவையில்லை."

மாலை நான்கு மணிக்குக் கிளிநொச்சியில் என்னை வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிட்டார். முருங்கைக்காயில் பாதி என் பையில் இருந்தது.

எங்கள் ஊரில் மே தினத்துக்குப் பெண்கள் சிவப்புச் சேலை கட்டி ஊர்வலத்தின் முன்னால் நடப்பார்கள். மைதானத்துக்கு வந்ததும் அவர்கள் புல்லில் உட்காருவார்கள். மேடைக் கதிரைகளில் உட்காருவது ஆண்கள். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அடுத்த முறை அந்த மேடையில் யாராவது பெண்விடுதலை என்று தொடங்கினால், புல்லிலிருந்து எழுந்து கேட்கப் போகிறேன்: "தோழர், உங்க வீட்டு மருமக என்ன கொண்டு வந்தா?"