அணைக்கக் கூடாத பெட்டி

அமீரகத்தில், அல் ஐன் நகரில் நான் வேலை பார்த்த வரைபட ஆபீஸில், பீரோ உயரத்துக்கு நீல நிற சர்வர் ஒன்று இருந்தது. அதைச் செய்த கம்பெனிக்கு ஒரு காலத்தில் என்ன மவுசு! கார் விலை சொல்வார்கள். அதையும் நாம் பவ்வியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு மலிவான கம்ப்யூட்டர்கள் வந்தன. துபாயில் ஒரு மாடி முழுக்க இருந்த அவர்கள் ஆபீஸ் பாதி மாடியாகி, ஒரு ரூமாகி, கடைசியில் ஒரே ஒரு சர்வீஸ் இன்ஜினியரின் மொபைல் நம்பராகச் சுருங்கியது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கம்பெனி மூடியதும் விசா கேன்சல் ஆனது. மனைவி இருந்த ஊரிலோ அப்போது சண்டை. மனிதர் கலங்காமல் எங்கள் எகிப்திய மேனேஜரிடம் வந்து, இந்த மெஷின் ஒருமுறை அணைந்தால் தன்னைத் தவிர யாராலும் எழுப்ப முடியாது என்று அடித்துச் சொன்னார். எல்லா வரைபடங்களும் அதற்குள். மேனேஜர் பயந்துபோய் விசிட் விசாவில் சேர்த்துக்கொண்டார்.

அதன்பின் அவருக்கு டியூட்டி, சர்வரில் காது வைத்துக் கேட்டுப் பெருமூச்சு விடுவதுதான். ஓடுகிற மெஷினுக்கு ஆள் எதற்கு என்று மேனேஜர் முணுமுணுக்கத் தொடங்கினார். விசா முடிகிற வாரம் கரண்ட் போனது. யுபிஎஸ்ஸும் கைவிட்டது.

கரண்ட் வந்ததும் நானும் அவரும் சர்வர் ரூமுக்கு ஓடினோம். நாங்கள் தொடுவதற்குள் அந்தப் பாழாய்ப்போன பெட்டி தானாகவே எழுந்து, பச்சை விளக்கு காட்டி, பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் முகம் செத்துவிட்டது.

"தம்பி, இது இவ்வளவு கெதியா எழும்பும் எண்டு எனக்கே தெரியேல்ல. இப்ப என்ன செய்யிறது?"

நான் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். "அண்ணே, ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேஜையில தட்டிக்கிட்டே இருங்க."

வெளியே மேனேஜர் சத்தமாகப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். உள்ளே நாங்கள் பிஸ்கெட் தின்றோம். போதும் என்று தோன்றியபோது, குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவர் தலையில் ஊற்றி வெளியே அனுப்பினேன். வியர்த்து ஒழுகிய அவரைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, வேலை விசா அடிக்க அப்போதே பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினார் மேனேஜர்.

மறுநாள் வழக்கம்போல் சர்வரில் காது வைத்தபடி அவர் சொன்னார். "மனுசிக்குப் போன் எடுத்தனான் தம்பி. நான் வரேல்லை எண்டு சொன்னதும், சந்தோசத்தில அழுதிட்டாள்."