காகத்துக்குக் காவல்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரே வீட்டில் ஆறு குடும்பங்கள் இருந்தோம். முன்னறைக்காரர் அரிசிக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தபோது அவர் மட்டும் பளபளவென்று இருந்தார். தினமும் குளித்து, திருநீறு பூசி, கொல்லைச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்து, கண்மூடிக் கும்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். “எல்லா உசுருக்கும் இரக்கம் காட்டணும் தம்பி,” என்பார்.

சயாம் ரயில் பாதை வேலைக்குப் போன புருஷன் திரும்பாத ஒருத்தி பின்னறையில் இருந்தாள். ஒரு காலை அவள் அந்தச் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து, காகம் தின்று முடிக்கும்வரை அவர் சுவரடியில் குச்சியோடு நின்றார்.

“பசியிலதானேண்ணே எடுத்தாங்க?” என்றேன்.

“காக்காவுக்கு வச்சதுல கை வைக்கலாமா? பாவம்லா,” என்றார், நிஜமான வருத்தத்தோடு.

அந்த முகம் இன்றும் நினைவிருக்கிறது. அங்கேயே காறித் துப்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் வழக்கம்போல என் கையிலும் ஒரு பிடி அரிசி வைத்தார். நான் வாங்கி மடியில் முடிந்துகொண்டேன்.