நான் கொடுக்காத ஒரு பாட்டில் ரத்தம்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, வருஷம் சரியாக நினைவில்லை. கார்த்திகை மாதம், விடாத அடைமழை. காரைக்கால் கோவில்பத்தில் குடியிருந்தேன். டவுனில் குமாஸ்தா வேலை. சபரிமலைக்கு மாலை போட்டு மூன்றாவது வாரம்.

எங்கள் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். ஒற்றை ஆளாக ஆரம்பித்து, பம்ப்செட் கடை, ஆறு வேலையாட்கள் என்று வளர்ந்தவர். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனால், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்பே, "உங்க பிளட் குரூப் என்னங்க?" என்பார். சொன்னதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் தேவையென்றால், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆள் தேடப் புறப்பட்டுவிடுவார். இவர் வியாபாரம் பண்ணி உருப்பட்ட மாதிரிதான் என்று நானே கிண்டலடித்திருக்கிறேன்.

என்னுடையது ஓ நெகட்டிவ். சுலபத்தில் கிடைக்காது. அவர் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை கொடுத்திருந்தேன். அதையே ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. மழைக்கோட்டோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

"வேணாம் சாமி. ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வர்றேன்" என்றார். என் விரதத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

குரும்பகரத்துப் பெண். தலைப்பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. என் குரூப்தான் வேண்டும்.

"மாலை போட்டிருக்கேனேண்ணே. பிரசவ ஆஸ்பத்திரிக்கு எப்படி வர்றது? தீட்டாச்சே" என்றேன்.

"வார்டுக்கெல்லாம் வர வேணாம் சாமி. ரத்தம் எடுக்குற ரூம் தனியா இருக்கு."

"மலைக்குப் போயிட்டு வந்து கண்டிப்பா தர்றேண்ணே."

"அந்தப் பொண்ணு அதுவரைக்கும் தாங்காது சாமி" என்றார். கொஞ்ச நேரம் மழையில் நின்று பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

போலகத்தில் அதே குரூப்பில் இன்னொருவர் இருக்கிறார் என்று தேடிப் போயிருக்கிறார். வழியில் ரோட்டை மூடித் தண்ணீர். பாதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், ஆளைக் கூட்டிவர மூன்று மணி நேரம் ஆகிவிட்டதாம். அந்தப் பெண் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து, எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

நான் மலைக்குப் போய் வந்தேன். மார்கழியில் பிரசாதம் கொடுக்கப் பட்டறைக்குப் போனபோது, கறுப்பு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். கார்த்திகை முதல் தேதியே மாலை போட்டு, மகர ஜோதிக்குப் போகிறவர்.

"இந்தப் போலகத்துச் சாமிதான் அன்னிக்கு வந்து குடுத்தாங்க" என்றார் பட்டறைக்காரர். சாதாரணமாகத்தான் சொன்னார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "மாலையோட எப்படிங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"குருசாமிகிட்ட கேட்டேங்க. போயிட்டு வந்து குளிச்சிட்டு சரணம் சொல்லுப்பான்னாரு. அவ்வளவுதான்" என்றார் அவர்.

எனக்கும் குருசாமி இருந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நான் கேட்கவேயில்லை. கேட்டால் போ என்று சொல்லிவிடுவாரே! முன்பு ரத்தம் கொடுத்தபோது தலை சுற்றி விழுந்திருந்தேன். அந்தப் பயத்தைத்தான் ஐயப்பன் பெயரைச் சொல்லி மறைத்துக்கொண்டேன். அதை அங்கேயே ஒப்புக்கொண்டிருக்கலாம். "இனிமே எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

"கண்டிப்பா சார்" என்றார், சிரித்த முகத்தோடு.

கூப்பிடவில்லை. வழியில் பார்த்தால் நிறுத்தி நலம் விசாரிப்பார். ரத்தப் பேச்சை மட்டும் எடுக்கவே மாட்டார். மூன்று வருஷம் கழித்து மாரடைப்பில் போய்விட்டார். அவர் வீட்டு வாசலில், "என்னை அர்த்தராத்திரியில எழுப்பிக் கூட்டிட்டுப் போனாரு", "என்னை வயல்லேர்ந்து அப்படியே தூக்கிட்டுப் போனாரு" என்று ஆளாளுக்குச் சொல்லி அழுதார்கள். எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

இப்போது வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை நானே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுக்கிறேன், தலை கூடச் சுற்றுவதில்லை. ஆனால் நான் வருவேன் என்று நம்பி ஒரு மனிதர் மழையில் என் வாசலில் வந்து நின்றாரே, அதற்கு ஈடாக எதையும் என்னால் கொடுக்க முடியவில்லை.